டிஷ்யூ பெட்டிக்கு ஐந்து மார்க்

லொரெய்ன் டிட்மர் கெல்டன் உயர்நிலைப் பள்ளியில் அமெரிக்க வரலாறு எடுக்கிறாள். பதினோராம் வகுப்பு. அந்தப் பாடத்தில் தேறாமல் பள்ளியை விட்டு வெளியே போக முடியாது. லொரெய்னைத் தாண்டாமல் அந்தப் பாடத்தில் தேற முடியாது. ஊரில் நடுவயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் அவளிடம் படித்தவர்கள்தான். பல் பிடுங்குகிறவள், தானியக் கிடங்கில் லாரி நிறுக்கிறவன், ஷெரீஃபின் ஆள். கடையில் எதிரே பார்த்துவிட்டால் தள்ளுவண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். பயம் என்று சொல்ல முடியாது. எழுதித் தர வேண்டியதை இன்னும் எழுதித் தராதவர்கள் மாதிரி ஒரு முகம்.

எழுதித் தர வேண்டியது என்றால் பேப்பர். குளிர்காலத்தில் ஒவ்வொருவரும் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். வாஷிங்டனிலோ பாஸ்டனிலோ நடந்தது வேண்டாம். இந்தக் கவுண்டியில் நடந்த ஏதாவது ஒன்று. நீதிமன்றத்துக்குப் போய்ப் பழைய பதிவைப் பார்க்கலாம், நூலகத்தின் கீழ்த்தளத்தில் செய்தித்தாளைப் புரட்டலாம், நினைவு தெளிவாக இருக்கிற யாரிடமாவது போய் உட்கார்ந்து கேட்கலாம். எப்படி எழுதினாலும் சரி. எழுதினால் தேறலாம். எழுதாவிட்டால் தேற முடியாது. லொரெய்னிடம் கறாரான விஷயம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் தேதியும் பெயரும். மறந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்டில் பள்ளி திறக்கிற அன்று ஒரு தாள் கொடுப்பாள். தலைப்பு 'எதிர்பார்ப்புகள்'. என்ன வேண்டும், எதற்கு எவ்வளவு மார்க், தாமதமானால் எவ்வளவு குறையும், கைப்பேசி எங்கே இருக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். மாணவன் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து, லொரெய்ன் கையெழுத்து. கடைசி வரியில், கொஞ்சம் சின்ன எழுத்தில், வகுப்புக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு டிஷ்யூ பெட்டிக்கும் ஐந்து கூடுதல் மார்க் என்று இருக்கும்.

அந்த வரியை அவள் யோசித்து எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சளிக்காலம். முப்பது மூக்குகள் ஒழுகின. பள்ளி பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான கைதுடைக்கும் காகிதம்தான் கொடுத்தது. பக்கத்து அறை உயிரியல் ஆசிரியர் தன் தாளில் இப்படி ஒரு வரி போட்டிருந்தார். எல்லா ஆசிரியர்களும் போடுவார்கள். அவளும் போட்டாள். பிறகு வருஷாவருஷம் தேதியை மட்டும் மாற்றி அதே தாளைப் பிரதி எடுத்தாள். பிள்ளைகள் ஒன்று கொண்டுவருவார்கள், மிஞ்சினால் இரண்டு. எத்தனை வரைக்கும் என்று அவள் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியம் வரும் என்று எந்த ஆசிரியருக்கும் தோன்றியதில்லை.

இரண்டு வருஷம் முன்னால் பள்ளி வாரியம் ஒரு முடிவு எடுத்தது. இனி யாருக்கும் ஐம்பதுக்குக் கீழே மார்க் இல்லை. எழுதாத பரீட்சைக்கும் ஐம்பது, கொடுக்காத பேப்பருக்கும் ஐம்பது. பூஜ்யம் பிள்ளைகளின் மனதை உடைக்கிறது என்று மாநிலத் தலைநகர் லிங்கனிலிருந்து வந்த ஆலோசகர் படம் போட்டுக் காட்டினார். கூட்டத்தில் லொரெய்ன் எழுந்து, ஒன்றும் செய்யாததற்குப் பாதி கொடுத்தால், பாதி செய்தவனுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டாள். ஆலோசகர் நல்ல கேள்வி என்றார். அத்துடன் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் கணக்குப் போட்டாள். பேப்பருக்கு உள்ள பங்கை ஏற்றினாள். மற்றதில் ஒருவன் நன்றாகவே செய்திருந்தாலும் பேப்பர் எழுதாவிட்டால் மொத்தம் அறுபதைத் தொடாமல் நிற்கும்படி ஆக்கினாள். அறுபதுக்குக் கீழே எஃப், அதாவது ஃபெயில். வாரியத்தின் விதியும் மீறப்படவில்லை, தன் விதியும் போகவில்லை என்று நினைத்தாள். டிஷ்யூ வரியை அவள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

டால்டன் ரீஸ் பேப்பர் எழுதவில்லை.

கெட்ட பையன் இல்லை. வகுப்பில் தூங்க மாட்டான். கேட்டால் பதில் சொல்லுவான். மல்யுத்தக்காரன், காதுகள் இரண்டும் நசுங்கிக் காலிஃப்ளவர் மாதிரி ஆகிவிட்டன. கெல்டனில் அந்தக் காதைப் பெருமையாகப் பார்ப்பார்கள். மாவட்டப் போட்டியில் ஜெயித்தால் மாநிலப் போட்டி, அதற்கு மேல் கல்லூரி உதவித்தொகை என்று ஊர் அவனுக்காக எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருந்தது. ஆனால் எந்தப் பாடத்திலாவது எஃப் இருந்தால் அந்த வாரம் விளையாட முடியாது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகம் பட்டியல் எடுக்கும். எஃப் இருக்கிற பெயர்கள் பயிற்சியாளருக்குப் போகும். மாவட்டப் போட்டிக்கான பஸ் அந்த வெள்ளிக்கிழமை மதியம் கிளம்ப இருந்தது.

டால்டனுக்கு அவள் மூன்று முறை தேதி தள்ளிக் கொடுத்தாள். தாளில் அப்படி ஒரு சலுகை கிடையாது. ஒரு பக்கம் எழுது, அரைப் பக்கம் எழுது என்றாள். எதைப் பற்றி என்று கேட்டான். உன் அப்பா வேலை பார்க்கிற எத்தனால் ஆலை இருக்கிற நிலம் யாருடையது, யார் யாருக்கு விற்றார்கள், அதை எழுது என்றாள். சரி மேடம் என்றான். வரவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியடில், பெருமந்தக் காலத்தில் பாங்குகள் மூடியதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. டால்டனும் இன்னொரு மல்யுத்தக்காரனும் ஆளுக்கொரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வைத்துவிட்டுத் திரும்பிப் போய் இன்னும் கொண்டுவந்தார்கள். தேசப்படத்துக்குக் கீழே அடுக்கினார்கள். அடுக்கு மிசிசிப்பி ஆற்றின் பாதி வரைக்கும் ஏறியது. உள்ளே முழுக்க டிஷ்யூ பெட்டிகள். மல்யுத்தப் பெற்றோர் சங்கம் போட்டிகளில் பாப்கார்ன் விற்றுச் சேர்த்ததில் வாங்கியவை.

 டால்டன் 'எதிர்பார்ப்புகள்' தாளை எடுத்து நீட்டினான். அவன் அம்மா கடைசி வரியின் மேல் மஞ்சள் மை தீட்டிக் கொடுத்திருந்தாள்.

“ஒவ்வொரு பெட்டிக்கும் அஞ்சுன்னு போட்டிருக்கீங்க மேடம்.”

இதற்காக அந்த வரியை எழுதவில்லை என்றாள் லொரெய்ன்.

“செப்டம்பர்ல அரசியல் சாசனம் எடுத்தப்ப நீங்கதானே சொன்னீங்க. எழுதினவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாது, அவங்க செத்துட்டாங்க, எழுதியிருக்கறதுதான் நிக்கும்னு.”

“நான் சாகலயே டால்டன். எழுதினவ உன் முன்னாடிதான் நிக்கறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். டால்டனும் சிரித்தான். பிறகு, “ஆனா கையெழுத்துப் போட்டிருக்கீங்க,” என்றான். அவனிடம் திமிர் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வருஷம் முழுக்க அவள் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று அவனுக்குள் போயிருந்தது; அதை வைத்து அவளையே மடக்கினான். வாய்மொழித் தேர்வு என்றால் அதற்கு ஏ கொடுக்கலாம். எழுதித்தான் தரவில்லை.

பெட்டிகள் அப்படியே இருக்கட்டும், பார்க்கலாம் என்றாள்.

வகுப்பு முடிந்ததும் இத்சல் ராமோஸ் பின்தங்கி நின்றாள். இத்சலின் அம்மா இறைச்சி ஆலையில் இரவுத் துப்புரவு வேலை. அந்த வேலையைப் பற்றித்தான் இத்சல் பேப்பர் எழுதியிருந்தாள். வெந்நீர்க் குழாய், வழுக்காத பூட்ஸ், விடியும் முன் எல்லா ரத்தமும் போயிருக்க வேண்டும் என்ற விதி. பல வருஷமாக வந்த பேப்பர்களில் நல்லவற்றில் ஒன்று. அடிக்குறிப்புகள் சரியில்லை என்று லொரெய்ன் அதற்கு பி மைனஸ் போட்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? எங்க அம்மா ஆகஸ்ட்ல ஒரு பெட்டி வாங்கிக் குடுத்தாங்க. நிறைய கொண்டு வரலாம்னு அவங்களுக்குத் தெரியல. எனக்கும் தெரியல.”

அவ்வளவுதான் சொன்னாள். புகார் மாதிரி இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டு பையை மாட்டிக்கொண்டு போனாள்.

மதியம் தலைமை ஆசிரியர் ஸ்டான் குலிக் கூப்பிட்டனுப்பினான். அவனும் அவளிடம் படித்தவன்தான். ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேப்பர் எழுதினான். தொட்டியின் உயரம், தொட்டியின் நிறம். சி. இன்றைக்கும் அவள் எதிரில் நாற்காலியில் சாய்ந்து உட்கார மாட்டான். டால்டனின் அம்மா போன் செய்ததைச் சொன்னான். பெற்றோர் சங்கத் தலைவர் போன் செய்ததைச் சொன்னான். வாரியத்தில் இரண்டு பேர் போன் செய்ததை மட்டும் சொல்லாமல் விட்டான். அது அவளுக்கே தெரியும்.

“தாள்ல நீங்க எழுதினதுதான் லொரெய்ன். நான் ஒண்ணும் புதுசாக் கேக்கல. அதைப் போடுங்க, அடுத்த வருஷம் அந்த வரியை எடுத்துடலாம்.”

“பேப்பர் எழுதாம இதுவரைக்கும் யாரும் தேறினதில்ல.”

“தெரியும்.”

“நீ எழுதினே. படு மோசம். ஆனா எழுதினே.”

 வெள்ளிக்கிழமை பத்து மணி வரை யோசியுங்கள் என்றான் ஸ்டான்.

யோசிப்பதற்கு அவளிடம் வேறு ஒன்று இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் அவள் முன்னால் சொல்ல மாட்டார்கள். பேப்பர் எழுதாமல் அவளிடம் தோற்றவர்களில் ஒருவன் அவள் மகன்.

கர்ட் பதினோராவது படித்தபோது டால்டனை விட நல்ல மல்யுத்தக்காரன். சின்னப் பள்ளி, ஒரே வரலாற்று ஆசிரியை, அம்மா வகுப்பில்தான் உட்கார வேண்டும். வீட்டில் பேசிப் பேசிச் சலித்தவன் பேப்பரை எழுதவில்லை. எழுத மாட்டேன் என்றும் சொல்லவில்லை. லொரெய்ன் எஃப் போட்டாள். மாவட்டப் போட்டிக்கான பஸ் அவன் இல்லாமல் போனது. அடுத்த அக்டோபரில் அறுவடைக் காலத்தில் கதிரடிக்கும் இயந்திரத்திலிருந்து வழுக்கி விழுந்து தோள்பட்டை போயிற்று. ஆக அவனுக்கு இருந்தது அந்த ஒரு வருஷம்தான். அதற்கு முந்தைய கோடையிலேயே பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேறொரு ஆசிரியரிடம் பாடத்தைத் திரும்ப எடுத்துத் தேறினான். அவள் கணவன் கிளென், எஃப் போட்ட அந்தக் குளிர்காலம் முழுக்க அவளிடம் வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினான். இரண்டு வருஷம் கழித்துக் கொலராடோ போய்விட்டான். அதற்குக் காரணம் வேறு என்று எல்லோரும் சொன்னார்கள். பாதி உண்மை.

கர்ட் போகவில்லை. தானியக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. மாலையில் சம்பளமில்லாமல் மல்யுத்த அணிக்கு உதவிப் பயிற்சியாளர். டால்டனுக்குப் பிடி போடச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். வியாழக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குச் சாப்பிட வருவான்.

அந்த வியாழனும் வந்தான். பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும். பள்ளிச் சாப்பாட்டு அறையில் பழகியது. இரண்டும் சேராவிட்டால் அவனுக்குச் சாப்பாடே இல்லை. சுருளைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்துச் சாப்பிட்டான். பனி பற்றிச் சொன்னான். சோளம் விலை இறங்கியதைச் சொன்னான். டால்டனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று லொரெய்ன் நினைத்தாள். கேட்கட்டும் என்று காத்திருந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஜாக்கெட்டை எடுத்தபோது அவளால் முடியவில்லை.

“சொல்லிடேன். உன்னைக் கேக்கச் சொல்லி அனுப்பியிருப்பாங்க.”

“அனுப்பினாங்க. நான் கேக்கப் போறதில்ல.”

“ஏன்?”

கர்ட் ஒரு கையை மட்டும் ஜாக்கெட்டில் நுழைத்துக்கொண்டு நின்றான். தோள் அந்தப் பக்கம் மெதுவாகத்தான் நுழையும்.

“அப்ப மாசாமாசம் ஒமாஹா போயி மொத்தக் கடையில டிஷ்யூ வாங்குவே, ஞாபகம் இருக்கா? பசங்க கொண்டு வர்றது பத்தாதுன்னு. காருலேந்து உன் கிளாசுக்குத் தூக்கிட்டுப் போனது யாரு?”

“நீ.”

“எனக்கு எஃப் விழுந்த அந்த வாரம் நான் சொன்னேன், அம்மா, என் பெட்டியெல்லாம் எண்ணிப் போடேன்னு.”

“வேடிக்கைக்குச் சொன்னே.”

“பாதி வேடிக்கை. நீ என்ன சொன்னே?”

லொரெய்னுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காசு என்னுடையது, அது உன் கணக்கில் வராது என்றாள். சொன்னதோடு சரி, அடுப்பில் ஏதோ இருந்தது, திரும்பிப் போய்விட்டாள். தாளில் யார் காசு என்று எதுவும் இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

“பாப்கார்ன் காசு அவன் கணக்குல வருமா?” என்றான் கர்ட். “போடு, போடாதே, நான் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சொல்லு.”

ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் மீதிச் சுருள்களை அலுமினியத் தாளால் மூடினாள். கோபமாக இருந்தது. யார் மேல் என்று பிடிபடவில்லை. டால்டன் மேல் கோபப்பட்டால் சரியாக வரவில்லை, அவன் படித்ததைத்தான் செய்தான். அவன் அம்மா மேல், வாரியத்தின் மேல், லிங்கன் ஆலோசகர் மேல் எல்லாம் கோபப்பட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

டால்டனுக்குப் போடாமல் விடலாம். அடுத்தவர் வாங்கியது கணக்கில் வராது என்று மகனுக்குச் சொன்னதையே சொல்லலாம். ஆனால் அது தாளில் இல்லை. தாளில் இல்லாததைச் சொல்லி ஒரு பையனை நிறுத்தினால் அது அவள் இஷ்டம், விதி இல்லை. விதி என்றுதான் அவள் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்படியென்றால் அன்றைக்கும் அது விதி இல்லை. அவள் இஷ்டம்தான்.

வெள்ளிக்கிழமை பள்ளி தொடங்குமுன் ஸ்டானின் அறைக்குப் போனாள். கோட்டைக் கழற்றவில்லை.

“டால்டனுக்குப் போடறேன்,” என்றாள்.

ஸ்டானின் தோள்கள் இறங்கின. நன்றி சொல்ல வாயைத் திறந்தான்.

“இரு. மார்க் மாத்தற படிவம் ஒண்ணு குடு. இன்னொரு பையனுக்கும் டிஷ்யூ மார்க் விட்டுப்போச்சு.”

யாருக்கு என்று கேட்டுக்கொண்டே இழுப்பறையைத் திறந்தான். அவள் பெயரைச் சொன்னாள். இழுப்பறை திறந்தபடியே நின்றது.

“லொரெய்ன். கர்ட்டுக்கு முப்பது வயசு ஆகப்போகுது.”

“தெரியும். பெத்தவ நான்.”

அவனிடம் பள்ளி முடித்த டிப்ளமா இருக்கிறது என்றான் ஸ்டான். கோடையில் தேறிவிட்டான், பழைய எஃப்பை யாரும் பார்க்கப்போவதில்லை, கம்ப்யூட்டர் அவ்வளவு பின்னால் போகாது, அட்டைகள் கீழே இரும்பு அறையில் இருக்கின்றன, இதற்கெல்லாம் கால வரம்பு இருக்கும் என்றான். கால வரம்பு எங்கே எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டாள். அவன் கையேட்டை எடுத்துப் புரட்டினான். எழுதியிருக்கவில்லை. யாருக்கும் தோன்றியிருக்காது.

“இதனால யாருக்கு என்ன லாபம், சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்ல. ஒரே மாதிரி இருக்கும். அவனுக்குப் போடலேன்னா டால்டனுக்கும் போட மாட்டேன். அப்பறம் நீயா மாத்திக்கோ, உன் பேர்ல கையெழுத்துப் போடு. தண்ணித் தொட்டி பத்தி எழுதினவன்தானே. அதையும் எழுதலாம்.”

ஸ்டான் கடிகாரத்தைப் பார்த்தான். ஏழே முக்கால். எட்டு மணிக்கு முதல் வகுப்பு. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

இரும்பு அறையில் ஈர அட்டை நாற்றம். டிட்மர், கர்ட் எல். அட்டை மேலாகவே கிடைத்தது. வரலாறு என்ற இடத்தில் எஃப், அவள் கையெழுத்தில். அப்போதெல்லாம் கையால் எழுதுவார்கள். எஃப்பின் மேல் கோட்டை அழுத்தி இழுத்திருந்தாள். ஸ்டான் படிவத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். அவள் அட்டையில் எஃப்பை ஒற்றைக் கோடால் அடித்து, பக்கத்தில் தேறுவதற்குப் போதுமான டி என்று எழுதி, தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டாள். எத்தனை பெட்டிகள் என்று ஸ்டான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரியாது. தேறும் அளவுக்கு இருந்தன. அது நிச்சயம்.

மேலே போய்க் கம்ப்யூட்டரில் டால்டனின் பக்கத்தைத் திறந்து கூடுதல் மார்க்கை ஏற்றினாள். எஃப் மறைந்து டி வந்தது. அடுத்த நிமிஷமே அவன் அம்மாவின் கைப்பேசிக்குச் செய்தி போயிருக்கும். பட்டியல் பத்து மணிக்கு வந்தது. டால்டன் பெயர் இல்லை. பிறகு, யாரும் கேட்காமல், இத்சலின் பக்கத்தைத் திறந்தாள். அடிக்குறிப்புகளுக்காகக் குறைத்ததைத் திருப்பிப் போடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்குறிப்புகள் சரியில்லைதான். தாளில் அதற்கு விதி இருக்கிறது. மூடிவிட்டாள். அது அந்த நாளின் மிக மோசமான விஷயமாக அவளுக்குத் தோன்றியது.

மதியம் பஸ் பின்வாசலில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புகை பனிமேல் தாழ்வாகப் பரவியது. பையன்கள் தூங்கும் பைகளையும் தண்ணீர்க் குடுவைகளையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எடை குறைப்பதற்காக நேற்றிலிருந்து சாப்பிடாத முகங்கள். டால்டன் அவளைப் பார்த்து, “தேங்க்ஸ் மேடம்,” என்றான். அடுத்த பாதி வருஷத்துக்கும் பெட்டிக்கு ஐந்துதானா என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவன் அவன் பிடரியில் தட்டினான். 

கர்ட் பஸ்ஸின் சாமான் அறைக் கதவை மூடிக்கொண்டிருந்தான். அவள் படிவத்தின் பிரதியைக் கொடுத்தாள். கையுறையைப் பல்லால் கழற்றி வாங்கிப் படித்தான். நிதானமாகப் படித்தான், மேலிருந்து கீழே வரைக்கும், ஸ்டானின் கையெழுத்து உட்பட.

“டி,” என்றான்.

“டி.”

“பேப்பர் எழுதாமலே.”

“எழுதாமலே. தாள்ல இருந்தபடி பார்த்தா நீ அன்னிக்கே பஸ்ல போயிருக்கணும்.”

அவன் அதை நான்காக மடித்தான். சட்டைப் பையில் வைப்பான் என்று நினைத்தாள். திருப்பி அவள் கையிலேயே வைத்தான். கோபமாக இல்லை.

“அம்மா, நான் பேப்பர் எழுதினேன்.”

“எப்போ?”

“கோடையில. அங்கயும் கேட்டாங்கல்ல. முழுசா எழுதினேன். ஏ மைனஸ் போட்டாங்க.” டிரைவர் ஹார்ன் அடித்தார். கர்ட் கையைக் காட்டினான். “ஊர்ல எல்லாரோட பேப்பரும் படிச்சிருக்கே. என்னுதத் தவிர.”

அந்தக் கோடையிலும் வீட்டில் பேச்சு குறைவுதான். மார்க் பட்டியல் தபாலில் வந்தது. தேறிவிட்டான் என்று பார்த்து உறையை இழுப்பறையில் வைத்தாள். எதை எழுதினான் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பாளா என்று தெரியாது.

“எதைப் பத்தி?” என்றாள்.

“இப்ப கேக்கறே.” படியில் ஒரு கால் வைத்துவிட்டு நின்றான். “அந்தக் காலத்துல ரயில்ல வந்த பசங்க. கிழக்கேருந்து அநாதைப் பிள்ளைங்கள ஏத்திட்டு வந்து, நம்ம ஸ்டேஷன் மேடையில வரிசையா நிறுத்தி, குடியானவங்க கையை அமுக்கிப் பார்த்து எடுத்துட்டுப் போனாங்கல்ல. அதுல கடைசி வரைக்கும் யாரும் எடுக்காத ஒருத்தன். திரும்ப ரயில்ல ஏத்தி அடுத்த ஊருக்கு அனுப்பிட்டாங்க. அவன் என்ன ஆனான்னு தேடினேன்.”

“கிடைச்சானா?”

கதவு மடங்கி மூடியது. கர்ட் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ சொன்னான். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. பஸ் விளக்குக் கம்பத்தைச் சுற்றித் திரும்பி நெடுஞ்சாலைக்குப் போயிற்று. லொரெய்ன் கோட் போட்டுக்கொள்ளாமல் வந்திருந்தாள். மடித்த படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஐந்தாவது பீரியடுக்கு மணி அடிக்கும் வரை அங்கேயே நின்றாள்.

உள்ளே போனபோது பிள்ளைகள் வந்துவிட்டிருந்தார்கள். தேசப்படத்தின் முன்னால் அட்டைப்பெட்டிகள் இருந்ததால் மேலே பாதி தேசம்தான் தெரிந்தது. யாராவது ரெண்டு பேர் இதையெல்லாம் தூக்கி ஓரமாக வையுங்கள் என்றாள். மூன்றாவது வரிசைப் பையன் ஒருவன் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டான். தூக்குவதற்கு முன் திரும்பி, இதற்கு மார்க் உண்டா மேடம் என்று கேட்டான்.